காலடியில் அமர்ந்த மாணவி

(லூக்கா 10: 38-42 பற்றிய வானொலி மறையுரை)

மார்த்தா, மரியா என்ற இரு சகோதரிகளின் வீட்டுக்கு இயேசு வந்த நிகழ்வு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 16-ஆம் ஞாயிறன்று நமக்கு வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெண்களுக்கு மார்த்தா மீதுதான் இரக்கம் வருகிறது. வருவதும் நியாயமே. விருந்தாளி வந்தாயிற்று, அடுப்பை யார் பார்ப்பது? மரியா சும்மா உட்கார்ந்திருந்தார் என்றே நாமும் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் மரியா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவர் ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருந்ததாக லூக்கா எழுதுகிறார். இதே லூக்கா எழுதிய திருத்தூதர் பணிகள் நூலின் 22-ஆம் அதிகாரத்தில், பவுல் தாம் கமாலியேலின் காலடியில் பயின்றவர் என்று மக்கள் கூட்டத்திடம் சொல்கிறார். கமாலியேல் எருசலேமில் பேர்பெற்ற திருச்சட்ட ஆசிரியர். ஆசிரியரின் காலடியில் அமர்வது என்றால் அவரிடம் மாணவராகச் சேர்வது என்று அன்றைய யூதர் எவருக்கும் விளங்கும். ஆகவே மரியா அன்று படித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் வேலை கிடக்க ஒரு பெண் அமர்ந்து படிப்பதா என்பதே அந்த வீட்டில் எழுந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு இயேசு பதில் சொல்லிவிட்டார். ஆனால் இயேசு பிறந்த அந்த மக்களினத்தில் பெண்களின் படிப்பு பிறகு என்ன ஆயிற்று என்று நாம் கேட்டதுண்டா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட, கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கை, யூதரும் கிறிஸ்தவரும் விவிலியப் படிப்பின் வழியாக ஒருவரையொருவர் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. யூதர்கள் தங்கள் பெண்களை அடக்கி வைத்தார்கள், இயேசு வந்து விடுவித்தார் என்று ஒரே மூச்சில் முடித்துவிடும் மறையுரைகளும் உண்டு. யூதரின் வரலாறு அப்படி ஒரு வரியில் அடங்காது. நம்முடைய வரலாறும் அவ்வளவு மார்தட்டிக்கொள்ளத் தக்கதல்ல.

முதலில், யூதருக்குப் படிப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். தொடக்கநூல் முதல் இணைச்சட்டம் வரையுள்ள ஐந்து நூல்களை அவர்கள் தோரா என்கிறார்கள். அந்தச் சட்டங்களைப் பற்றி ரபிகள் பல நூற்றாண்டுகளாக நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்புக்குத் தல்மூத் என்று பெயர். பாபிலோனியத் தல்மூதில் 2,711 ஏடுகள் உண்டு. நாளுக்கு ஓர் ஏடு படித்தால் முடிக்க ஏழரை ஆண்டுகள் ஆகும். இவற்றைப் படிப்பது வேலைக்காகவோ பட்டத்துக்காகவோ அல்ல, படிப்பதே இறைவழிபாடு. படிப்புக் கூடத்துக்குள் நுழைந்தால் நம் ஊர் நூலகத்தின் அமைதி அங்கே இராது, சந்தை இரைச்சல்தான் கேட்கும். இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் குறுக்கிட்டு, அது எப்படி என்று கேட்க வேண்டும். துணை இல்லாமல் தனியே படிப்பதை அவர்கள் அரைப் படிப்பாகவே கருதுகிறார்கள்.

இந்தக் கூடத்தில் பெண்ணுக்கு இடம் உண்டா என்று ரபிகளே தொடக்கத்திலிருந்து வாதாடியிருக்கிறார்கள். இணைச்சட்டம் 11-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனம், கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. பிள்ளைகள் என்பதற்கு அங்குள்ள எபிரேயச் சொல்லை மகன்கள் என்றும் கொள்ளலாம். மகன்கள் என்றே ரபிகள் கொண்டார்கள். தல்மூதின் அடிப்படையான மிஷ்னா என்ற தொகுப்பில், தந்தை தன் மகளுக்குத் தோராவைக் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று பென் அசாய் என்பவர் சொல்கிறார். கற்றுக்கொடுத்தால் அவள் கெட்டுப்போவாள் என்ற பொருளில் ரபி எலியேசர் அவரை மறுக்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் பெரும்பாலும் எலியேசரின் பேச்சே எடுபட்டது.

ஆனாலும் விதிவிலக்குகள் இருந்தன. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரூரியா, ரபி மேயிரின் மனைவி. ஒரே நாளில் முந்நூறு சட்டங்களைக் கற்றவர் என்று தல்மூத் அவரைப் புகழ்கிறது. தங்களுக்குத் தொல்லை கொடுத்த தீயவர்கள் சாகவேண்டும் என்று மேயிர் மன்றாடியபோது, திருப்பாடலின் சொல்லைக் கூர்ந்து பார்க்கும்படி கணவருக்குச் சுட்டிக்காட்டியவர் இவர்தான். ஒழிய வேண்டியது பாவம், பாவி அல்ல என்பது அவருடைய விளக்கம். மேயிர் அதை ஏற்று, அவர்கள் மனம் மாற வேண்டும் என்று மன்றாடினார்.

17-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈராக்கின் மோசூல் நகரில் வாழ்ந்த ஆஸ்நாத் பர்சானி இன்னொருவர். ஆண் வாரிசு இல்லாத தந்தை தம் புலமை முழுவதையும் மகளுக்கே கொடுத்தார். திருமணம் பேசியபோது மாப்பிள்ளையிடம் அவர் ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டார்: தம் மகளை வீட்டு வேலையில் இழுத்துவிடக் கூடாது, அவள் படிக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணப் பேச்சுகளில் எத்தனை பவுன், என்ன வண்டி என்று பேசுவார்கள். இப்படி ஒரு நிபந்தனையை யாரும் கேட்டிருக்க மாட்டோம். கணவர் இறந்த பின்னர் மோசூலின் உயர் மறைநூல் பள்ளியை ஆஸ்நாத்தே நடத்தினார், ஆண் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். கடன் தொல்லையில் பள்ளி தவித்தபோது உதவி கேட்டு அவர் எபிரேயத்தில் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

புரூரியாவும் ஆஸ்நாத்தும் ரபிகளின் மகள்கள். சாதாரண வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள்? இதற்கு ஒரு நல்ல சான்று நமக்கு அருகிலேயே கொச்சியில் கிடைக்கிறது. கேரளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வரும் மக்களை நாம் எப்போதும் பார்க்கிறோம். அங்கே மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்களிடையே பெண்பிள்ளைகளும் எபிரேயம் வாசிக்கக் கற்றார்கள். ஆபிரகாம், மோசே, எஸ்தர் ஆகியோரின் வரலாறுகளை மலையாளப் பாடல்களாக்கித் திருமணங்களிலும் விழாக்களிலும் பாடினார்கள். ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் பாடுவதை வேறு பல ஊர்களின் யூதர்கள் ஏற்பதில்லை. கொச்சியில் அதற்குத் தடை இருக்கவில்லை. அந்தப் பாடல்களைப் பெண்கள் தங்கள் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு என்று காத்துவந்தார்கள். 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் குறிப்பேடுகளும் கூடவே போயின. அப்படிப் போனவர்களில் ஒருவரான ரூபி தானியேல், எர்ணாகுளத்தில் புனித தெரேசா கன்னியர் பள்ளியில் படித்தவர். முதுமையில் அந்தப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொடுத்தார்.

கொச்சியிலும்கூட, வளர்ந்த பெண் ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்து சட்டநூல் படிப்பது என்பது இல்லை. அந்தக் கதவைத் தட்டியவர் ஒரு தையற்காரப் பெண்.

சாரா ஷெனிரர் 1883-இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் பிறந்தவர். அங்கே பள்ளிக்கல்வி கட்டாயம் என்பதால் யூதப் பெண்பிள்ளைகள் பொதுப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் யூத மறைநூல் பள்ளிக்குப் போனார்கள். விளைவு என்னவென்றால், பெண்களுக்குப் போலந்து இலக்கியம் தெரியும், தங்கள் சமயம் தெரியாது. சாரா பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துவந்தார். அளவு ஒரு விரல்கடை தவறினாலும் பொறுக்காத அந்தப் பெண்கள், தங்கள் ஆன்மாவுக்கு உடை இருக்கிறதா என்று கேட்பதே இல்லையே என்று அவர் வருந்தினார். முதல் உலகப்போரின்போது வியன்னாவுக்கு அகதியாகப் போனவர், அங்கே ஒரு ரபி விவிலியப் பெண்களைப் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டார். இதை நம் ஊர்ப் பெண்கள் கேட்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்.

ஊர் திரும்பி, முதலில் வளர்ந்த பெண்களையே கூட்டினார். அவர்கள் வந்தார்கள், கேட்டார்கள், ஆனால் மாறவில்லை, சிலர் சிரித்தார்கள். பிறகுதான் சிறுமிகள் பக்கம் திரும்பினார். 1917-இல் 25 சிறுமிகளோடு தொடங்கிய அந்தப் பள்ளிக்கு, யாக்கோபின் வீடு என்று பொருள்படும் பெயர் அமைந்தது. 1935-இல் அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் பள்ளிகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது, மாணவியர் முப்பதாயிரத்துக்கும் மேல். மதிப்புமிக்க ரபிகளும், காலம் மாறிவிட்டது, பெண்களுக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால் நம்பிக்கையே போய்விடும் என்று சொல்லி ஆதரித்தார்கள். பின்னர் நாத்சிகள் போலந்துக்குள் வந்தார்கள். அந்த மாணவியரிலும் ஆசிரியைகளிலும் மிகப் பலர் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் அமெரிக்காவிலும் இஸ்ரயேலிலும் அதே பெயரில் பள்ளிகளைத் திறந்தார்கள்.

அடுத்தவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவரிடம் படித்தவர்களில் பலர் நம் பெண்களைப் போலவே மண்ணில் உழைத்தவர்கள். நெகாமா லெய்போவிட்ஸ் 1905-இல் ரீகா நகரில் பிறந்து, 1930-இல் பாலஸ்தீனத்துக்கு வந்த ஆசிரியை. கூட்டுப்பண்ணைகளில் வாழ்ந்த பெண்கள் சிலர் அவரிடம் சில மாதங்கள் விவிலியம் பயின்றார்கள். ஊருக்குத் திரும்பும்போது, அங்கே மாடு கறப்பதும் காய்கறித் தோட்டமும் சமையற்கூடமுமாக நாள் ஓடிவிடுமே, படிப்பு நின்றுபோகுமே என்று கவலைப்பட்டார்கள். 1942-இல் நெகாமா அவர்களுக்கு வாரம் ஒரு தாள் அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். அந்த வார ஐந்நூல் வாசகத்தைப் பற்றிய கேள்விகள் மட்டுமே அதில் இருக்கும், விடை இராது. கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. விடை எழுதி அனுப்பினால் சிவப்பு மையால் திருத்தித் திரும்பி வரும்.

அப்படியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடின. தாள் கேட்டவர்களில் பிறகு இல்லத்தரசிகள், படைவீரர்கள், தொழிலாளர்கள், பேராசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் தம் கையாலேயே திருத்தினார். 1956-இல் நாட்டின் உயரிய விருது கிடைத்தது. வானொலியிலும் அவர் விவிலிய விளக்கம் தந்துவந்தார் என்பதில் வானொலிக்காரர்களான நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி! 1997-இல் இறந்த அவருடைய கல்லறையில், அவர் கேட்டுக்கொண்டபடி, பெயரோடு ஆசிரியை என்ற ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டது.

இந்த அடித்தளத்தின்மேல்தான் முழுநேரப் படிப்பு எழுந்தது. 1976-இல் எருசலேமில் ரபி ஹயீம் பிரோவெண்டர் பெண்களுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அதற்குப் புரூரியாவின் பெயரையே வைத்தார். 1979-இல் நியூயார்க்கில் ரபி டேவிட் சில்பர் தொடங்கியதன் பெயர் திரிஷா. தேடி ஆராய்வது என்று பொருள். எருசலேமில் 1988-இல் மால்கா பீனா என்ற பெண்மணி மத்தான் என்ற கூடத்தையும், 1990-இல் ஹன்னா ஹென்கின் என்ற பெண்மணி நிஷ்மத் என்ற கூடத்தையும் தொடங்கினார்கள். ஆண்கள் தொடங்கியதைப் பெண்களே எடுத்து நடத்தும் காலம் வந்துவிட்டது. காலையில் துணையோடு அமர்ந்து ஒரு பக்கத்தை அகராதியின் உதவியோடு மல்லாடிப் புரிந்துகொள்கிறார்கள். பிறகு ஆசிரியரின் வகுப்பு. அதன் பின் மீண்டும் துணையோடு அலசல். ஓராண்டு, ஈராண்டு, சிலர் அதற்கும் மேல்.

இதனால் என்ன மாறிற்று என்று கேட்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்வோம். பெண்களின் மாதவிலக்கு பற்றிய லேவியர் 15-ஆம் அதிகாரத்துச் சட்டங்களைப் பக்தியுள்ள யூதக் குடும்பங்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றன. ஐயம் வந்தால் ரபியிடம் கேட்க வேண்டும். கூச்சத்தால் கேட்காமல், தாமே கடினமாக முடிவெடுத்துக்கொண்டு, குழந்தைப் பேறு தள்ளிப்போய்த் துன்பப்பட்ட பெண்கள் உண்டு. நிஷ்மத் கூடம் பெண்களுக்கே இந்தச் சட்டப்பகுதியை ஈராண்டுகளில் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் கற்பித்தது, மருத்துவப் பாடங்களும் சேர்த்து. 1999-இல் முதல் அணி வெளிவந்தது. இப்போது ஒரு பெண் தொலைபேசியில் இன்னொரு பெண்ணிடம் கேட்கலாம். சாமியாரிடம் வாய் திறந்து சொல்ல முடியாத விடயங்கள் நம் பங்கிலும் எத்தனை பெண்களின் நெஞ்சில் கிடக்கின்றன என்பது அருள்சகோதரிகளுக்குத் தெரியும்.

எல்லா யூதரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். சாரா ஷெனிரர் பெயரைச் சொல்லும் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கு இன்றுவரை தல்மூத் கற்பிப்பதில்லை. வாதம் தொடர்கிறது. ஆயினும் 2020 சனவரியில், ஏழரை ஆண்டுச் சுற்று முடிந்த நிறைவு விழாவைக் கொண்டாட எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே அரங்கில் கூடினார்கள்.

நம் பக்கம் வருவோம். திருக்கடையூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1706-இல் அங்கே வந்திறங்கிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்தார். பிறகு நம் கன்னியர்களும் இப்பகுதியெங்கும் பள்ளிகளை எழுப்பினார்கள். சிறுமிகளின் கல்வியில் இந்த மண் பின்தங்கவில்லை. ஆனால் பள்ளியை விட்ட பிறகு? கத்தோலிக்கத் திருச்சபையில் அவிலா தெரேசாவையும் சியன்னா கத்தரீனையும் மறைவல்லுநர்கள் என்று அறிவிக்க 1970 வரை ஆயிற்று. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டில் மறைக்கல்வியாளர் என்ற பணியையும் ஏற்படுத்தினார். பணிகள் வந்துவிட்டன, படிக்க நேரம்தான் வரவில்லை. குறுவை நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, மகளிர் குழுத் தவணை, வீட்டுக்கு வந்தால் அடுப்பு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் நம் சகோதரி சனிக்கிழமை இரவு பாத்திரம் கழுவிய பிறகுதான் பாடத்தைப் புரட்டுகிறார். அந்த ஆஸ்நாத்தின் தந்தையைப் போல, இவர் படிக்க வேண்டும், இன்று இவருடைய வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல ஒரு கணவரோ ஒரு மாமியாரோ வீட்டில் வேண்டும்.

வயதாகிவிட்டது என்று யாரும் சொல்லவும் தேவையில்லை. அறுபதிலும் எண்பதிலும் மீண்டும் மாலை மாற்றிக்கொள்ள நாள்தோறும் எங்கெங்கிருந்தோ தம்பதியர் வந்திறங்கும் ஊர் இது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனி என்ன என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் அம்மாக்கள் நம் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கிறார்கள். ஒருவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் வாசிக்கட்டும். கேள்வி கேட்க எழுத்து தேவையில்லை.

நெகாமா அம்மையாரின் வழியில் இந்த வாரம் ஒரு தாள் தருகிறோம். இருவர் இருவராக அமர்ந்து லூக்கா 10: 38 முதல் 42 வரை உரக்க வாசியுங்கள். இயேசுவை வரவேற்றவர் யார், அந்த வீடு யாருடையதாக லூக்கா காட்டுகிறார் என்பது எளிய கேள்வி. ஒரு பெருக்கல் குறி போட வேண்டிய கேள்வி இது: மார்த்தா தன் குறையை நேரே தங்கையிடம் சொல்லாமல் ஏன் விருந்தாளியிடம் சொல்கிறார்? இரண்டு குறி போட வேண்டியது அடுத்தது. யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், லாசர் இறந்தபோது ஊருக்கு வெளியே ஓடிவந்து, பேதுருவுக்கு இணையாக நம்பிக்கை அறிக்கை செய்பவர் மரியா அல்ல, மார்த்தா. அடுப்படியில் நின்றவர் இதை எப்போது, யாரிடம் கற்றார்? விடைகளை எழுதியோ, யாரையாவது எழுதச் சொல்லியோ, அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது உங்கள் மறைக்கல்வி ஆசிரியையிடம் கொடுங்கள். சிவப்பு மைப் பேனா ஒன்று அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.